மலையில் முதல் ராத்திரி: பழனி மலையில் எங்கே, எப்படி?

கேள்வி இதுதான். மதுரையில் வேலை பார்க்கும் ஐந்து நண்பர்கள், ஒருவருக்கும் மலையேறிப் பழக்கம் இல்லை. சனிக்கிழமை கிளம்பி, கொடைக்கானல் பக்கம் கொஞ்சம் நடந்து, ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கி, ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். சுலபமான இடம் எது, அனுமதி வாங்க வேண்டுமா, என்னென்ன கொண்டுபோவது?

மலையடிவார ஊரான வத்தலக்குண்டில் பிறந்து வளர்ந்ததால், கொடைக்கானல் இருக்கும் இந்தப் பழனி மலைத்தொடர் எனக்குக் கொல்லைப்புறம் மாதிரி. கல்லூரிக் காலத்திலிருந்தே நண்பர்களோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். தப்பும் நிறையச் செய்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் நடக்கிற பாதையைத்தான் தேடுகிறார்கள். எங்கே படுப்பது என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். படுக்கிற இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அங்கே இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேருகிற மாதிரி ஒரு நடையைப் பிடியுங்கள். புதிதாகப் போகிறவர்களை மலை பகலைவிட ராத்திரியில்தான் அதிகம் படுத்தும். கால் வலித்தால் ஒரு பாறையில் உட்கார்ந்துகொள்ளலாம். விடியற்காலை இரண்டு மணிக்குக் குளிர் எலும்பைத் தொடும்போது உட்கார்ந்தும் பயனில்லை, நடந்தும் பயனில்லை.

அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். காட்டுக்குள் உங்கள் இஷ்டத்துக்கு டென்ட் அடிக்க முடியாது. மேல்பழனி மலையின், அதாவது கொடைக்கானலைச் சுற்றியுள்ள உயரமான பகுதியின், பெரும்பகுதி காப்புக்காடு. 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. பேரிஜம் ஏரிக்குக்கூட வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிப் பகலில் போய்விட்டுப் பகலிலேயே திரும்ப வேண்டும். ஏரிக்கரையில் டென்ட், பக்கத்தில் நெருப்பு என்று படங்களில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஆனால் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்மேட்டில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. பாதைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். தீப்பிடிக்கும் பருவத்தில் பாதைகளை மூடுவதும் வழக்கமாகிவிட்டது.

2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். பெரும்பாலும் பகல் நடைகள்தான். ஊட்டி கெய்ர்ன் ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை மாதிரியானவை உண்மையிலேயே சுலபம். வீட்டில் பெரியவர்களையும் கூட்டிப்போகலாம். ஆனால் நீலகிரியில் டென்ட் ஆசையை விட்டுவிடுங்கள். அங்கே காட்டோரம் என்றால் யானை இருக்கிறது என்று அர்த்தம். பகலில் நடை, இரவில் கூரைக்கடியில் தூக்கம், அவ்வளவுதான்.

ஆக, உங்களுக்கு மிச்சமிருப்பது பட்டா நிலம். அதாவது உரிமம் உள்ள ஒரு வீட்டுத் தங்கலோ, தோட்ட வீடோ. முன்கூட்டியே போன் செய்து, "வீட்டு முற்றத்தில் டென்ட் போட்டுக்கொள்ளலாமா, இல்லாவிட்டால் ஒரு அறை கிடைக்குமா" என்று கேளுங்கள். அனுமதியில்லாமல் போட்ட டென்ட்களை அதிகாரிகள் வந்து பிரிக்கச் சொல்வது கொடைக்கானலில் புதிதல்ல. ராத்திரி ஒன்பது மணிக்கு அப்படி ஆனால் என்ன செய்வீர்கள்? முற்றத்தில் படுத்தால் கழிப்பறை உண்டு. மழை கொட்டினால் திண்ணை உண்டு. ஒருவனுக்கு வயிற்றைக் கலக்கினால் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் உண்டு. முதல் தடவைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இதெல்லாம் ஒரு கேம்பிங்கா என்று நண்பர்களில் ஒருவன் கேட்பான். அவனிடமே பெரிய பையைக் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள்.

இனி இடம். நான் உங்களுக்குச் சொல்வது இரண்டு.

ஒன்று, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம். கீழ்ப்பழனி மலை. கொடைக்கானலைவிட எழுநூறு, எண்ணூறு மீட்டர் தாழ்வு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. அப்படியென்றால் இங்கே இரவு கொடைக்கானலைவிட நாலைந்து டிகிரி இதமாக இருக்கும். வத்தலக்குண்டிலிருந்து பஸ் இருக்கிறது. வழியெல்லாம் காப்பித் தோட்டம், நடுவில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, மலைவாழை. தோட்டத்து மண்பாதைகளில் சொல்லிவிட்டு நடக்கலாம். தாண்டிக்குடியில் பழங்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒன்றை மூடியது மாதிரி இருக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். முதல் பயணத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டு, கொடைக்கானலுக்கும் மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று போகிற சாலை. மதுரையிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் இது கட்டுப்படியாகும். கொடைக்கானலில் இறங்கி உள்ளூர் பஸ் மாறி மன்னவனூர் போங்கள். அங்கிருந்து கவுஞ்சி வழியாகப் பூண்டி, கிளாவரை வரை சின்ன சாலையிலேயே நடக்கலாம். நிதானமாக நடந்தால் அரை நாள். அரை நாள் கையில் இல்லையென்றால் பூண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தார்ச் சாலையில் நடப்பது என்ன மலையேற்றம் என்று தோன்றும். ஆனால் இருபுறமும் படிப்படியாகப் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும், எதிரே வாகனமே வராத நீண்ட நேரம், மேகம் காலுக்குக் கீழே. வழி தவறவும் வாய்ப்பில்லை. கிளாவரையோடு பஸ் முடிந்துவிடும். அதற்கு அப்பால் கேரளத்து வட்டவடைப் பக்கம் போகும் பழைய நடைவழி இருக்கிறது. காட்டு வழி, மாநில எல்லை. அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதையை உங்களுக்கு யாராவது கட்டாயம் சொல்லுவார்கள். அருமையான பாதை. வண்டி போகும் மலைச்சாலை (காட் ரோடு) வருவதற்கு முன்னால் பெரியகுளத்திலிருந்து வெள்ளைக்காரர்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கூலியாட்கள் தூக்கிக்கொண்டு ஏறிய வழி அது. வெள்ளகவி நெடுங்காலம் சாலையே இல்லாமல் இருந்த ஊர். ஊருக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரையே கோயிலாக நினைப்பவர்கள். ஆனால் மேலிருந்து அடிவாரம் வரை 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். இறக்கம்தானே என்று நினைக்காதீர்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முட்டியை வாங்கும். பழகாத கால் பாதி வழியில் தந்தியடிக்கும். அதற்கு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ராத்திரிக்கு வருகிறேன். என் முதல் டென்ட் ராத்திரி மன்னவனூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்தில். நிலம் மேட்டில் ஆரம்பித்துச் சரிந்து கீழே ஓடை வரை போகும். மேலே கல்லும் கரடுமாக இருந்தது. கீழே ஓடையோரம் புல் மெத்தை மாதிரி சமதரை. நாங்கள் நாலு பேரும் யோசிக்கவே இல்லை, கீழே போட்டுவிட்டோம். சாயங்காலம் நிலத்துக்காரர் பார்த்துவிட்டு, "தம்பி, பள்ளத்துல படுத்தா பனி உங்க மேலதான் வந்து உட்காரும். மேல வந்துருங்க" என்றார். "பரவாயில்லண்ணே, இங்கதான் மட்டமா இருக்கு" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். நெற்றியில் சொட்டு விழுந்து எழுந்தேன். மழை என்று நினைத்து டார்ச் அடித்தால் வெளியே வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நாங்கள் விட்ட மூச்சுதான் டென்ட் துணியின் உட்பக்கத்தில் நீராகத் திரண்டு எங்கள் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. குளிருக்குப் பயந்து காற்று போகும் ஜன்னல் துணியையெல்லாம் மூடிவைத்திருந்தோம். ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாடு நனைந்து சொதசொதவென்று இருந்தது. விடியும்போது டென்ட்டின் மேல்துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. தட்டினால் உறைபனி பொடியாக உதிர்ந்தது. முப்பதடி மேலே, நிலத்துக்காரர் சொன்ன கல் மேட்டில், புல் வெறும் ஈரமாகத்தான் இருந்தது.

காரணம் எளிது. தெளிந்த இரவில் தரை வேகமாகக் குளிரும். அதைத் தொடும் காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் ஓடையோரம், ஏரியோரம், கிண்ணம் மாதிரி இருக்கும் புல்வெளி மூன்றும் வேண்டாம். உச்சிமேடும் வேண்டாம், காற்று பிய்த்துவிடும். சரிவின் நடுவில் ஒரு திட்டு, காற்று வரும் பக்கம் வேலியோ சுவரோ இருந்தால் அதுதான் இடம். காற்று ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிரும்தான், ஆனால் நனைய மாட்டீர்கள்.

குளிர் மேலிருந்து வருவதாக நினைத்து எல்லோரும் போர்வையைச் சேர்க்கிறார்கள். பாதிக் குளிர் தரையிலிருந்துதான் ஏறும். ஆளுக்கு ஒரு ஃபோம் பாய் கட்டாயம். டென்ட்டுக்கு அடியில் ஒரு தார்ப்பாய். அது டென்ட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது, நீட்டினால் மழைத் தண்ணீரைப் பிடித்து உள்ளே விடும். வாடகைக்கு ஸ்லீப்பிங் பேக் எடுத்தால் எத்தனை டிகிரிக்கானது என்று கேளுங்கள். மார்கழி, தை மாதங்களில் மேல்பழனியில் ஐந்தாறு டிகிரி சர்வசாதாரணம். டென்ட்டை வாங்கி வந்ததும் மொட்டை மாடியில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஒருமுறை நாங்கள் வாடகைக்கு எடுத்ததில் ஒரு கம்பியே இல்லை. மூங்கிலைச் செதுக்கிச் செருகி ராத்திரியை ஓட்டினோம்.

துணியில் ஒரு விதிதான். ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி நனைந்தால் மலையில் காயாது, நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சும். விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் பேன்ட், பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஒரு கோட். காதை மூடும் குல்லா. படுக்கப்போகும்போது போட ஒரு ஜோடி காய்ந்த காலுறையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தனியாக வையுங்கள், பகலில் என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது. ஒருவன் விடாமல் நடுங்கி, பட்டன் போட விரல் வராமல், பேச்சுக் குழறினால் அது வேடிக்கை இல்லை. ஈரத் துணியைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, போர்த்தி, சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். பிராந்தி கொடுத்தால் சூடேறும் என்பது தப்பு. தோலுக்கு ரத்தம் பாய்வதால் சுடுவது மாதிரி இருக்கும், உள்ளே உடம்பு இன்னும் வேகமாகக் குளிரும்.

இன்னொன்று, கரி அடுப்பு. பார்பிக்யூ முடிந்த பிறகு கணகணப்புக்காக அதை அறைக்குள்ளோ டென்ட்டுக்குள்ளோ எடுத்துவைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கொடைக்கானலில் அப்படித் தூங்கியவர்கள் காலையில் எழவே இல்லை. கேஸ் ஸ்டவ்வுக்கும் இதே கதைதான், சமையல் எப்போதும் வெளியே. கேம்ப் ஃபயர் வீட்டுக்காரர் அனுமதித்து, அவர் காட்டிய இடத்தில் மட்டும். மாசியிலிருந்து சித்திரை வரை அதுவும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு மெனக்கெடாதீர்கள். இரண்டாயிரத்துச் சொச்ச மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. திறந்த பாத்திரத்தில் புழுங்கலரிசி போட்ட எங்கள் நண்பன் முக்கால் மணி நேரம் கிளறிவிட்டு, கடைசியில் பொரி மாதிரி மென்று சாப்பிட்டான். முதல் ராத்திரிக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். காலையில் ரவா உப்புமா. நடுவில் கடலைமிட்டாய், பேரீச்சை. சுக்கு மல்லிக் காப்பித்தூள் ஒரு பொட்டலம். அது மட்டும் குறையக் கூடாது.

தண்ணீரில் ஒரு நுணுக்கம். மலை ஓடை என்றாலே சுத்தம் என்று நம்பாதீர்கள். மேல்பழனியில் ஓடைக்கு மேலே காய்கறித் தோட்டம் இருக்கும், தோட்டத்தில் மருந்து அடித்திருப்பார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. கொண்டுவந்தால் கொடைக்கானலில் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொண்டால் தொல்லையே இல்லை. காரில் போவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம்.

விலங்கு என்றால் எல்லோரும் சிறுத்தையைக் கேட்கிறார்கள். நீங்கள் நிஜமாகப் பார்க்கப்போவது காட்டுமாடு. கொடைக்கானல் கடைத்தெருவிலேயே நடக்கும். சாது மாதிரி நிற்கும், அதனாலேயே ஆட்கள் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கிறார்கள், குத்து வாங்குகிறார்கள். ஒருநாள் விடியலில் பல்விளக்கப் போன இடத்தில் புஸ்ஸென்று டயரில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம். பத்தடியில், முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு கால்கள் மட்டும் பனிமூட்டத்துக்குள் தெரிந்தன. மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவே தேவைப்படவில்லை. முதுகைக் காட்டாமல், ஓடாமல், அது போகும் வழியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ராத்திரி வெளியே போவதானால் தனியாகப் போகாமல், டார்ச்சைக் காலடியில் அடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே போங்கள். பழத்தோலையும் உப்புப் பொட்டலத்தையும் டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கம் யானை நடமாட்டம் உண்டு, டென்ட்டுக்கு அங்கே இடம் தேட வேண்டாம். கீழ்ப்பழனியிலும் உள்ளூர்க்காரர் "இன்னிக்கு வேணாம்" என்றால் வேண்டாம்தான். மழைக்காலத்தில் அட்டை ஏறும். பிடுங்காமல் உப்பைத் தொட்டு வையுங்கள், தானே விழும்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன வழி இன்றும் உதவும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நீங்கள் புதியவர்கள், முதுகில் பை, படம் எடுக்க நிற்பீர்கள். வருகிற விடையோடு பாதியைக் கூட்டுங்கள். எப்படியும் மாலை நான்கு மணிக்குள் படுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மூடுபனி ஏறினால் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாது. மெதுவாக நடப்பவனை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் அவன் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள், அவனுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. பை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பிப் போன் செய்வீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கவுஞ்சியைத் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது.

எப்போது போவது? தை பிறந்து மாசி தொடங்கும் வரை. வானம் தெளிவு, பாதை காய்ந்திருக்கும், குளிர் மட்டும்தான் எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பழனி மலையை நன்றாகவே பிடிக்கும். மண்சரிந்து சாலை அடைபடும். பங்குனி, சித்திரை தீக்காலம். வைகாசி கோடைக்கூட்டம். பொங்கல் விடுமுறையில் மட்டும் போகாதீர்கள். முடிந்தால் ஞாயிறு, திங்கள் என்று விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை இறங்கும் வண்டிகளுக்கு எதிர்த்திசையில் நீங்கள் ஏறுவதே ஒரு சுகம்.

குப்பை எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையில் கட்டி வத்தலக்குண்டு வரை கீழே கொண்டுவந்துவிடுங்கள். மலைக் கிராமத்தில் போட்டால் அதை எடுக்க வண்டி வராது, காட்டுமாடு கிளறும். திரும்பும் வழியில் பூம்பாறையில் பஸ் நின்றால் ஒரு கிலோ மலைப்பூண்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. பல் சின்னது, காரம் ஜாஸ்தி. பேரம் பேசாதீர்கள், அந்தப் படிநிலத்தில் மண் சுமந்து ஏறுவதை நடந்து பார்த்துவிட்டுத்தானே வந்திருப்பீர்கள். பூண்டுப் பையை ஸ்லீப்பிங் பேக்கோடு சேர்த்துக் கட்ட வேண்டாம், வாடகைக் கடைக்காரர் துவைக்கிற காசையும் சேர்த்துக் கேட்பார்.